கார்ன்ஹில்லில் தொடங்குங்கள்: ஆரம்பகால ஆங்கில அங்கதக் கவிதைகளில் குற்றமும் தண்டனையும் படிக்க ஒரு வழிகாட்டி

லண்டன் நகரின் நடுவில் கார்ன்ஹில் என்று ஒரு தெரு இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய ‘பியர்ஸ் பிளௌமன்’ என்ற நெடுங்கவிதையின் கடைசி வடிவத்தில், கதை சொல்பவன் தான் கார்ன்ஹில்லில் கிட் என்பவளோடு ஒரு சிறு குடிலில் வாழ்ந்ததாகச் சொல்கிறான். 15ஆம் நூற்றாண்டில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய ‘லண்டன் லிக்பென்னி’யில், நியாயம் கேட்டுத் தலைநகருக்கு வந்த ஓர் ஏழை, தன்னிடமிருந்து களவுபோன குல்லாய் அதே தெருவில் விற்பனைக்குக் கிடப்பதைப் பார்க்கிறான். 1703 ஜூலை 29 அன்று அதே தெருவில் எழுத்தாளர் டேனியல் டீஃபோவின் கழுத்தையும் கைகளையும் மரச்சட்டத்தில் பூட்டி மக்கள் முன் நிறுத்தினார்கள். சுற்றி நின்ற கூட்டத்தில் அவருடைய புதிய அங்கதக் கவிதை, அதாவது கேலியால் கண்டிக்கும் கவிதை, விற்றுக்கொண்டிருந்தது.

மூன்று நூற்றாண்டுகளைத் தாண்டி நிற்கும் இந்த மூன்று கவிதைகளும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: தண்டனை வாங்குகிறவன் யார், வாங்காமல் தப்புகிறவன் யார்? இந்தக் கேள்வியைக் கையில் பிடித்துக்கொண்டு படித்தால் இந்த இலக்கியம் திறந்துகொள்ளும். நான் முதலில் கால வரிசைப்படி படிக்கப் போய் இரண்டு முறை பாதியில் விட்டிருக்கிறேன். பழைய எழுத்துக்கூட்டலும் அடிக்குறிப்புகளும் ஆளை அசத்திவிடும். அப்புறம் தெருவையும் நீதிமன்றத்தையும் சிறையையும் பின்தொடர்ந்து படித்தபோதுதான் கவிதைகள் பேச ஆரம்பித்தன. நீங்களும் அப்படியே தொடங்கலாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. செய்தித்தாளை ஓரளவு படிக்கிற ஆங்கிலமும் பொறுமையும் இருந்தால் போதும்.

முதல் படி: தண்டனைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

கவிதைக்குள் போவதற்கு முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். இந்தக் கவிஞர்கள் தங்கள் காலத்து வாசகருக்கு எழுதினார்கள். டைபர்ன் என்றால் என்ன, சணல் என்றால் எதைக் குறிக்கும் என்று அவர்கள் விளக்கியிருக்க மாட்டார்கள்.

டைபர்ன் என்பது தூக்கிலிடும் இடம். இன்று லண்டனில் மார்பிள் ஆர்ச் இருக்கும் பகுதி. 1571இல் அங்கே முக்கோண வடிவில் பெரிய தூக்குமரம் ஒன்றை நட்டார்கள். ஒரே நேரத்தில் 24 பேர் வரை தொங்கவிட முடியும். நியூகேட் சிறையிலிருந்து சுமார் மூன்று மைல் தூரம் வண்டியில் ஏற்றி, தெருத்தெருவாக, கூட்டத்துக்கு நடுவே கொண்டுபோவார்கள். 1783 வரை இப்படித்தான் நடந்தது. அந்த வழியில் இருந்த தெரு ஹோபர்ன். ஆகவே கவிதையில் ‘ஹோபர்ன் வழியாகப் போனான்’ என்று வந்தால் அது உலாப் போனதல்ல, சாவுக்குப் போனது. சணல் வந்தால் தூக்குக் கயிறு. ‘மரம்’ என்று மொட்டையாக வந்தால் பெரும்பாலும் தூக்குமரம்.

பில்லரி என்பது ஆளை நிற்கவைத்துக் கழுத்தையும் இரு கைகளையும் பூட்டும் சட்டம். கால்களைப் பூட்டும் தொழுமரம் வேறு. தமிழ் பைபிளில் பவுலும் சீலாவும் சிறையில் மாட்டப்பட்டது அதில்தான். பில்லரியில் நிற்கும் ஒரு மணி நேரம் கூட்டத்தின் கையில் இருந்தது. அழுகிய முட்டையும் சேறும் மட்டுமல்ல, கல்லும் வரும். அதில் செத்தவர்கள் உண்டு.

கட்டைவிரல் சூடு என்பது இன்னொன்று. முன்பு பாதிரியார்களை அரசு நீதிமன்றம் தூக்கிலிட முடியாது என்று ஒரு சலுகை இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் எல்லாம் பாதிரியார் என்ற கணக்கில் அது விரிந்தது. சங்கீதம் 51இன் முதல் வசனத்தை, ‘தேவனே, உமது கிருபையின்படி எனக்கு இரங்கும்’ என்பதை, லத்தீனில் வாசித்துக் காட்டினால் முதல் முறை கழுத்து தப்பும். இரண்டாம் முறை கேட்கக் கூடாது என்பதற்காகக் கட்டைவிரலில் சூடு வைப்பார்கள். நாடகாசிரியரும் கவிஞருமான பென் ஜான்சன் 1598இல் கேப்ரியல் ஸ்பென்சர் என்ற நடிகரைச் சண்டையில் கொன்றுவிட்டு இப்படித்தான் தப்பினார். எழுத்தறிவு உயிரைக் காப்பாற்றிய நாடு அது; எழுதப் படிக்கத் தெரியாதவன் அதே குற்றத்துக்குத் தொங்கினான். வாசிக்கும் சோதனையை 1706இல்தான் எடுத்தார்கள்.

சிறைக் கட்டணத்தையும் மறக்காதீர்கள். அந்தக் காலச் சிறையில் படுக்கைக்குக் காசு, விலங்கைத் தளர்த்தக் காசு, குற்றமற்றவன் என்று தீர்ப்பான பிறகும் வெளியே போகக் காசு. தேம்ஸ் நதியில் படகோட்டிப் பிழைத்த கவிஞர் ஜான் டெய்லர் 1623இல் சிறைகளைப் புகழ்வதாக ஒரு கவிதை எழுதினார். லண்டனிலும் அதைச் சுற்றி ஒரு மைலுக்குள்ளும் 18 சிறைகள், கூடவே 60 சவுக்கடிக் கம்பங்களும் தொழுமரங்களும் கூண்டுகளும் இருப்பதாக அதில் கணக்குச் சொல்கிறார்.

இரண்டாம் படி: ‘லண்டன் லிக்பென்னி’யைச் சத்தமாகப் படியுங்கள்

முதல் கவிதையாக இதையே பரிந்துரைப்பேன். சிறியது, எளியது, ஒவ்வொரு பத்தியும் ஒரே பல்லவியில் முடியும். தமிழில் சொன்னால் ‘காசில்லை, அதனால் காரியம் நடக்கவில்லை’ என்பது போல. லிக்பென்னி என்றால் காசை நக்கி எடுப்பது என்று பொருள். லண்டனுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிறார் கவிஞர். நெடுங்காலம் இதை ஜான் லிட்கேட் என்ற கவிஞர் எழுதியதாகச் சொல்லிவந்தார்கள்; இன்று அதை யாரும் ஏற்பதில்லை.

கென்ட் மாவட்டத்து ஏழை ஒருவன் தன் பொருளை யாரோ மோசடி செய்து பறித்துக்கொண்டதாக வழக்குச் சொல்ல வெஸ்ட்மின்ஸ்டருக்கு வருகிறான். அரசர் நீதிமன்றத்தில் எழுத்தர்கள் கீழே வரிசையாக உட்கார்ந்து பெயர்களைக் கூப்பிட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். இவனை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பொது வழக்கு மன்றத்துக்குப் போகிறான். அங்கே பட்டுக் குல்லாய் போட்ட ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். வணங்கி, தெரிந்தவரையில் வழக்கைச் சொல்கிறான். அவர் வாயிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. சான்சரி என்ற இன்னொரு நீதிமன்றத்துக்குப் போகிறான், அங்கும் அப்படியே. வெளியே வந்தால் கதவடியில் ஃபிளெமிஷ்காரர்கள் தொப்பியும் மூக்குக் கண்ணாடியும் கூவி விற்கிறார்கள். வாசலில் சமையற்காரர்கள் ரொட்டி, ஏல் என்ற பீர், மாட்டு விலாக்கறி என்று அழைக்கிறார்கள். நகருக்குள் செர்ரி, ஸ்ட்ராபெரி, மிளகு, குங்குமப்பூ, வெல்வெட். அத்தனையும் அவனைக் கூப்பிடுகின்றன, கையில் காசில்லை.

படிக்கும்போது இங்கே ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கவிதையில் இரண்டு குல்லாய்கள் இருக்கின்றன. ஒன்று, பொது வழக்கு மன்றத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பவர் தலையிலிருக்கும் பட்டுக் குல்லாய். இன்னொன்று, அந்த வெஸ்ட்மின்ஸ்டர் நெரிசலில் இவன் தலையிலிருந்து களவுபோனது. கார்ன்ஹில்லுக்கு வந்தபோது களவுப் பொருள்களுக்கு நடுவே அதைப் பார்க்கிறான். தினமும் சொல்லும் ஜெபத்தை அறிந்த அளவுக்கு அந்தக் குல்லாயை அறிந்தவன் அவன். தன் பொருளைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டும்; காசில்லை. இரண்டு குல்லாய்களையும் அடிக்கோடிட்டு ஒரு கோட்டால் இணைத்துவிட்டால் கவிதை முழுவதும் உங்கள் கையில். மோசடி பற்றிப் புகார் சொல்ல வந்தவன், புகார் சொன்ன இடத்திலேயே திருடப்படுகிறான். அவன் வந்த வழக்கை யாரும் விசாரிக்கவில்லை. புதிதாக நடந்த திருட்டைப் பற்றிச் சொல்லவும் இடமில்லை. கடைசியில் பில்லிங்ஸ்கேட் துறையில் படகுக்காரன் இரண்டு பென்னி இல்லாமல் ஏற்றமாட்டேன் என்கிறான். எப்படியோ கென்டுக்குத் திரும்பி, இனி சட்டத்தின் பக்கமே போவதில்லை என்று முடிவுசெய்கிறான்.

கடைசிப் பத்தியை நான் படித்த முதல் முறை வெறும் நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். இப்போது அது எனக்கு மிகவும் துயரமான இடம். ஒரு மனிதன் நீதியைக் கேட்பதையே விட்டுவிடுகிறான்.

மூன்றாம் படி: ‘மீட்’ என்ற பெண்ணைச் சந்தியுங்கள்

‘பியர்ஸ் பிளௌமன்’ 50க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளில் கிடைக்கிறது. அந்தக் காலத்தில் எவ்வளவு படிக்கப்பட்டது என்பதற்கு இதுவே சாட்சி. ஆனால் முழுவதையும் படிக்க வேண்டாம், இப்போதைக்கு வேண்டாம். இரண்டாம் வடிவத்தில், அதாவது பி பிரதியில், 2, 3, 4ஆம் பகுதிகளை மட்டும் நல்ல நவீன ஆங்கில மொழிபெயர்ப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். மூல வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மீட் என்ற சொல்லுக்குக் கூலி, பரிசு, லஞ்சம் என்று மூன்று பொருளும் உண்டு. இதில் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி இருக்கிறது. நம்மிடம் கூலியும் உண்டு, கைக்கூலியும் உண்டு. ஒரே வேரிலிருந்து நேர்மையும் கேடும் வருவதை நாம் எளிதில் புரிந்துகொள்வோம். லாங்லண்ட் இதை ஒரு பெண்ணாக்கி, நகையும் சிவப்புப் பட்டும் உடுத்தி அரசவைக்கு அழைத்துவருகிறார்.

நான்காம் பகுதியில் வழக்கு நடக்கிறது. அமைதி என்பவன் மண்டையில் இரத்தத்தோடு வந்து அநீதி என்பவன்மீது புகார் கொடுக்கிறான். என் மனைவியைத் தூக்கிப்போனான், வாத்துகளையும் பன்றிக்குட்டிகளையும் பிடித்துப்போனான், குதிரையை இரவல் வாங்கித் திருப்பித் தரவில்லை, களஞ்சியக் கதவை உடைத்தான் என்று பட்டியல் நீள்கிறது. உருவகக் கவிதை என்று பயப்பட வேண்டாம். இது பக்கத்து வீட்டு அடாவடிக்காரன் மேல் ஒரு விவசாயி கொடுக்கும் மனு. அரசர் கோபத்தோடு, அவனை விலங்கில் பூட்டுங்கள், ஏழு ஆண்டுக்குத் தன் கால்களை அவனே பார்க்கக் கூடாது என்கிறார். உடனே சட்டம் தெரிந்தவர்கள் ஜாமீன் பேச்சை எடுக்கிறார்கள். மீட் வந்து அமைதியின் கையில் சுத்தத் தங்கத்தைத் திணிக்கிறாள். அடிபட்டவனே அரசரிடம் திரும்பி, அவனை மன்னித்துவிடுங்கள், எனக்கு ஈடு கிடைத்துவிட்டது என்று கேட்கிறான்.

இந்த இடத்தில் நின்று யோசியுங்கள். பாதிக்கப்பட்டவனுக்குப் பணம் கிடைத்துவிட்டது, அவனும் சமாதானமாகிவிட்டான். பிறகு என்ன குறை? குற்றம் என்பது இருவருக்கு நடுவில் தீர்த்துக்கொள்ளும் கணக்கா, ஊருக்கே ஏற்பட்ட காயமா? பகுத்தறிவு என்ற பாத்திரம் அரசருக்குச் சொல்லும் பதில் கடுமையானது: இந்த மன்றத்தில் மீட்டின் கை ஓங்கியிருக்கும்வரை இரக்கம் கேட்காதீர்கள். லாங்லண்ட் தண்டனையை விரும்புகிறவர் என்று அவசரப்பட்டு முடிவுசெய்யாதீர்கள். பின்னால் வரும் பகுதிகளில் இரக்கத்தைப் பற்றி இவரைப்போல எழுதியவர் குறைவு. விலைக்கு வாங்கிய இரக்கத்தைத்தான் இங்கே மறுக்கிறார்.

நான்காம் படி: பேசுகிறவனை நம்பலாமா என்று கேளுங்கள்

இங்கே ஒரு சிறிய கவிதை போதும். ஹார்லி 2253 என்று எண்ணிட்ட கையெழுத்துப் பிரதியில், 1340ஐ ஒட்டி எழுதப்பட்டது, திருச்சபை நீதிமன்றத்தைத் திட்டும் ஒரு கவிதை இருக்கிறது. ஒரு பெண்ணோடு உறவு வைத்துக்கொண்டதற்காகப் படிப்பறிவில்லாத ஒருவனை இழுத்துவருகிறார்கள். கறுப்பு உடையில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கிறார், முன்னால் 40க்கும் மேற்பட்டோர் இவன் குற்றங்களை எழுதுகிறார்கள். கடைசியில் தேவாலயத்தைச் சுற்றியும் சந்தை நடுவிலும் நாயைப்போல அடித்து ஓட்டப்படுகிறான், அந்தப் பெண்ணையே கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள்.

எழுத்து அதிகாரமாக இருந்த உலகில் எழுதத் தெரியாதவனின் நடுக்கம் இதில் உண்மையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணைப் பற்றி அவன் பேசும் விதத்தைக் கவனியுங்கள். அவள் நீதிமன்றத்துக்கு ஏன் வந்தாள், அவளுக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கவிதை கேட்பதில்லை. பேசுகிறவன் வேறு, கவிஞர் வேறு. கவிஞருக்கும் கண் மறைத்த இடங்கள் உண்டு. இதை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால், ஏழாம் படியில், ஜோனதன் ஸ்விஃப்ட் என்ற கவிஞரைப் படிக்கும்போது தேவைப்படும்.

ஐந்தாம் படி: கவிஞனே சவுக்கெடுத்த பத்தாண்டு

1590களை வேகமாகக் கடக்கலாம். மொழி வேண்டுமென்றே கரடுமுரடாக இருக்கும்; புதியவருக்கு அலுப்பூட்டும். ஆனால் ஒரு செய்தியைத் தெரிந்துகொள்ளாமல் கடக்கக் கூடாது.

இந்தக் கால இளம் கவிஞர்கள் அங்கதத்தையே தண்டனையாக நினைத்தார்கள். ஜோசப் ஹால் 1597இல் வெளியிட்ட தொகுப்பின் லத்தீன் பெயருக்குப் பிரம்புகளின் அறுவடை என்று பொருள். ஜான் மார்ஸ்டன் 1598இல் தன் நூலுக்குத் தீமையின் சவுக்கு என்று பெயர் வைத்தார். நீதிமன்றம் அடிக்காதவர்களை நாங்கள் அடிக்கிறோம் என்பது அவர்கள் நிலைப்பாடு. 1599 ஜூன் 1 அன்று கேன்டர்பரி பேராயர் விட்கிஃப்ட்டும் லண்டன் பிஷப் பேன்கிராஃப்ட்டும் சேர்ந்து உத்தரவு போட்டார்கள்: இனி அங்கதங்களோ எபிகிராம் என்ற குறுங்கிண்டல் கவிதைகளோ அச்சிடக் கூடாது. மூன்று நாள் கழித்து, ஜூன் 4 அன்று, மார்ஸ்டன், கில்பின், மிடில்டன் முதலியோரின் புத்தகங்களைப் பதிப்பாளர் சங்க மண்டபத்தில் எரித்தார்கள். ஹாலின் புத்தகம் மட்டும் கடைசி நேரத்தில் நெருப்பிலிருந்து தப்பியது. பின்னாளில் அவரே பிஷப் ஆனார்.

ஜான் டன் தன் அங்கதங்களை அச்சுக்கே கொடுக்கவில்லை. கையெழுத்துப் பிரதியாக நண்பர்களிடம் சுற்றின. அவர் இறந்த பிறகு 1633இல்தான் அச்சாயின. இரண்டாவதும் ஐந்தாவதும் வழக்கறிஞர்களையும் நீதிமன்ற ஊழியர்களையும் பற்றியவை. ஐந்தாவதை எழுதிய சமயத்தில் அவர் உயர் நீதி அதிகாரி தாமஸ் எகர்ட்டனின் செயலாளராக இருந்தார். உள்ளேயிருந்து பார்த்தவரின் கசப்பு அது. கடினம்தான். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வாருங்கள்.

ஆறாம் படி: டீஃபோவோடு பில்லரியில் ஏறுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஆகவே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: நேராகத் திட்டும் செம்பொருள் அங்கதம், மறைத்துத் திட்டும் பழிகரப்பு அங்கதம். டீஃபோவின் கதையைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை. 1702 டிசம்பரில் அவர் ஓர் உரைநடைத் துண்டறிக்கை வெளியிட்டார். இங்கிலாந்துச் சபையை ஏற்காத கிறிஸ்தவர்களை வேரோடு ஒழிக்க வேண்டும் என்று கத்தும் ஒரு தீவிரச் சபைக்காரரின் குரலில் எழுதியது. டீஃபோவே அப்படிச் சபையை ஏற்காதவர்தான். எதிரிகளின் வெறியை அவர்கள் குரலிலேயே காட்ட நினைத்தார். பழியை அவ்வளவு நன்றாகக் கரந்துவிட்டதால் பலர் அதை உண்மையென்றே எடுத்துக்கொண்டார்கள். உண்மை தெரிந்தபோது இரு தரப்பும் கொதித்தது.

அரசு அவரைத் தேடி விளம்பரம் கொடுத்தது: நடுத்தர உயரம், ஒல்லியான உடல், சுமார் 40 வயது, வளைந்த மூக்கு, கூரிய முகவாய், வாயருகே பெரிய மச்சம், கண்டுபிடித்துத் தருபவருக்கு 50 பவுண்டு. மே மாதம் பிடிபட்டார். ஜூலையில் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 200 மார்க் (அன்றைய பணக் கணக்கு) அபராதம், மூன்று நாள் பில்லரி, அரசியின் விருப்பம் உள்ளவரை சிறை, ஏழு ஆண்டு நன்னடத்தைக்கு ஜாமீன். ஜூலை 29 கார்ன்ஹில், 30 சீப்சைட், 31 டெம்பிள் பார்.

அந்த நாள்களுக்காகவே எழுதியதுதான் ‘பில்லரிக்கு ஒரு துதிப்பாடல்’. இதைப் படிக்கும் முறை இது. முதலில், கவிதை யாரை நோக்கிப் பேசுகிறது என்று பாருங்கள்: மரச்சட்டத்தை நோக்கி. அரசு இயந்திரமே வணக்கம் என்று அதை வாழ்த்தித் தொடங்குகிறார். இரண்டாவதாக, தனக்கு முன் அங்கே நின்றவர்களை அவர் நினைவுகூரும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 1637இல் பில்லரியில் காது அறுக்கப்பட்ட பிரின் என்ற எழுத்தாளர் அவர்களில் ஒருவர். நல்லவர்கள் நின்ற இடத்தில் நிற்பது இழிவு எப்படியாகும் என்பது அவர் வாதம். மூன்றாவதாக, அங்கே நிற்க வேண்டியவர்கள் என்று அவர் அழைக்கும் ஆட்களைப் பட்டியலிடுங்கள். போரில் கடமை தவறிய தளபதிகள், பங்குச் சந்தைச் சூதாடிகள், கெட்ட நீதிபதிகள், குடிகாரப் பாதிரியார்கள் என்று ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிடுகிறார். படித்து முடிக்கும்போது பில்லரியில் டீஃபோவைத் தவிர எல்லோரும் நிற்கிறார்கள். கடைசியில் மேடையே பேச வேண்டும் என்று கேட்கிறார்: இவனை இங்கே நிறுத்தியவர்களே காலத்தின் அவமானம் என்று சொல்.

கூட்டம் கல்லுக்குப் பதிலாகப் பூக்களை வீசியது, அவர் நலம் வாழ்த்திக் குடித்தது என்று ஒரு கதை வழிவழியாக வருகிறது. அது எப்படியிருந்தாலும், கழுத்து பூட்டப்பட்டிருக்கும்போது கண்முன்னே தன் கவிதை கைமாறுவதைப் பார்த்த கவிஞர் வேறு யாரும் எனக்கு நினைவுக்கு வரவில்லை. குல்லாயைத் தேடி வந்த ஏழை கார்ன்ஹில்லில் வாயடைத்துப் போனான். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, அதே தெருவில், கைகள் பூட்டப்பட்ட ஒருவர் பதில் பேசினார். நீதி அப்போதும் மாறவில்லை. அச்சுக்கூடம் வந்திருந்தது.

ஏழாம் படி: டைபர்ன் ஊர்வலத்தைச் சந்தேகத்தோடு பாருங்கள்

ஜோனதன் ஸ்விஃப்ட்டின் ‘காலை வருணனை’யை (1709) முதலில் படியுங்கள்; 18 வரிதான். அதில் ஒரு வரி: சிறைக் காவலன் தன் மந்தை திரும்பி வருவதைப் பார்க்கிறான், கட்டணம் செலுத்துவதற்காக இரவில் திருடிவர வெளியே விட்டிருந்தான். மந்தை என்ற சொல்லில் கிராமத்துக் காலைக் கவிதைகளின் ஆடுமேய்ப்பவன் இருக்கிறான். முதல் படியில் சிறைக் கட்டணத்தைப் பற்றிச் சொன்னது இந்த வரிக்காகத்தான்.

அப்புறம் 1726ஐ ஒட்டி அவர் எழுதிய டாம் கிளின்ச் கவிதை. டாம் ஹோபர்ன் வழியாகக் கம்பீரமாகப் போகிறான். வழியில் ஒரு மதுக்கடையில் நிறுத்தி ஒரு புட்டி வாங்கிக்கொண்டு, திரும்பி வரும்போது காசு தருகிறேன் என்கிறான். வெள்ளை உடை, தொப்பியில் புது ரிப்பன். பெண்கள் மாடங்களுக்கு ஓடிவந்து, ஐயோ எவ்வளவு அழகான பையன் என்கிறார்கள். மன்னிப்புக் கேட்டு முழங்காலிட்ட தூக்கிலிடுபவனுக்கு வயிற்றில் ஒரு உதை. நண்பர் வைல்ட் நீடூழி வாழட்டும், எனக்கு ஒரு வருட ஆயுள் கூட்டித் தந்தார் என்று நன்றி வேறு.

யார் இந்த வைல்ட்? ஜோனதன் வைல்ட், திருடர்களைப் பிடிக்கும் தலைவர் என்று பெயர் எடுத்தவர். திருட ஆள்களை வைத்திருந்தார், களவுபோன பொருளை உரியவருக்கே பணம் வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார், வேண்டாத திருடர்களைத் தூக்குக்கு அனுப்பினார். 1725 மே 24 அன்று டைபர்னில் அவரே தூக்கிலிடப்பட்டார். கார்ன்ஹில் குல்லாயை இங்கே நினைத்துக்கொள்ளுங்கள்; உரியவனுக்கே விற்கும் அந்த வியாபாரம் இப்போது ஓர் அலுவலகமாக வளர்ந்திருக்கிறது.

புதியவர்கள் இந்தக் கவிதையின் துள்ளலில் மயங்கி, டாமை வீரனாக்கிவிடுவார்கள். பழிகரப்பு என்பது இதுதான். சாவைக் கேளிக்கையாக்கிப் பார்க்கும் ஊரை ஸ்விஃப்ட் அதே கேளிக்கை நடையில் காட்டுகிறார். துள்ளலைக் கேட்கும்போதே அவன் கழுத்தையும் நினையுங்கள்.

இதோடு மூன்று சிறு துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மாண்டவில்லின் 1705ஆம் ஆண்டுத் தேனீக்கூட்டுக் கவிதையில், பணக்காரரைப் பாதுகாக்கவே ஏழைகள் தகாத குற்றங்களுக்குத் தூக்கில் தொங்குகிறார்கள் என்ற வரிகள். அலெக்சாண்டர் போப் 1714இல் விரிவாக்கி வெளியிட்ட, ஒரு கூந்தல் கற்றை பறிபோனதைப் பற்றிய கவிதையின் மூன்றாம் பகுதியில், பசித்த நீதிபதிகள் தீர்ப்பில் அவசரமாகக் கையெழுத்திட, ஜூரிகள் சாப்பிடப் போவதற்காக ஏழைகள் தொங்கும் ஒற்றை ஈரடி. சாமுவேல் ஜான்சன் 1738இல் எழுதிய ‘லண்டன்’ கவிதையில், டைபர்னில் இத்தனை பேர் சாவதால் தூக்குக்கும் கப்பல்களுக்கும் சணல் போதவில்லை என்ற வரி. மூன்றிலும் என் மனதை அறுப்பது போப்புடையது. சீட்டாட்டத்துக்கும் காபிக்கும் முன்னால், மாலை வெயில் சாய்வதைச் சொல்லும்போது, போகிற போக்கில் வந்து போகிறது.

எட்டாம் படி: கவிதையைப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள்

அங்கதம் சாட்சியம் அல்ல, மிகைப்படுத்தும். ஆகவே சரிபார்க்கப் பழகுங்கள். மத்தியகாலக் கவிதைகளுக்கு அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் பதிப்புகள் இருக்கின்றன. கடினச் சொற்களுக்குப் பொருளும் கூடவே இருக்கும். ‘லிக்பென்னி’யும் ஹார்லி 2253இன் கவிதைகளும் அங்கே கிடைக்கும். 18ஆம் நூற்றாண்டுக்கு ஓல்ட் பெய்லி நீதிமன்ற நடவடிக்கைகள்: 1674 முதல் 1913 வரை, கிட்டத்தட்ட 2 லட்சம் வழக்குகள், தேடிப் படிக்கும் வசதியோடு, இலவசமாக.

அங்கே போனதும் 1720களின் கடைத் திருட்டு வழக்குகளைத் தேடுங்கள். கடையிலிருந்து ஐந்து ஷில்லிங்கோ (ஒரு ஷில்லிங் 12 பென்னி) அதற்கு மேலோ மதிப்புள்ள பொருளை யாருக்கும் தெரியாமல் திருடினால் அது பெரிய குற்றம். அதற்குத் தூக்கு வரை போகலாம். படித்துக்கொண்டே போனால், பல வழக்குகளில் ஜூரிகள் பொருளின் மதிப்பை 4 ஷில்லிங் 10 பென்னி என்று குறைத்துத் தீர்ப்பளித்திருப்பது தெரியும். கண்ணெதிரே கிடக்கும் பொருளின் விலை அவர்களுக்குத் தெரியாதா என்ன? ஒரு உயிரைக் காப்பாற்ற எண்ணைக் குறைத்தார்கள். அப்படிப்பட்ட ஒரு வழக்கை, முழுவதுமாக, சாட்சிகளின் பேச்சோடு, நோட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொள்ளுங்கள். எதிர்ப் பக்கத்தில் போப்பின் அந்த ஈரடியை எழுதுங்கள். இரண்டையும் மாறி மாறிப் படித்துவிட்டு, அடுத்த நாள் ‘லிக்பென்னி’க்குத் திரும்பிப் போங்கள்.